பேருந்துகள் இறங்கிய கடலில் யார் இறங்குவது?

2021 ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஓட்டத்துக்கு உதவாத பழைய அரச பேருந்துகளின் வெறுங்கூடுகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் நெடுந்தீவுப் பக்கக் கடலில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார்கள். மீன் பெருகுவதற்காம். அப்போது கடற்றொழில் அமைச்சராக இருந்தவர் டக்ளஸ் தேவானந்தா. கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கிக் கொண்டிருந்த நாட்கள் அவை. தெற்கில் ஒரு கப்பல் தானாக மூழ்கியதற்கு நாடே தலையில் அடித்துக்கொண்டபோது, வடக்கில் நாங்களே பஸ்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தோம் என்று சிரித்தவர்களும் உண்டு. அக்கரையில் இராமேசுவரத்து மீனவர்கள் உடனே எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். வலை சிக்கிக் கிழியும் என்பது அவர்களுடைய முறைப்பாடு. சில கிழமைகள் இரு கரைப் பத்திரிகைகளிலும் இது ஓடியது. பிறகு பேருந்துகளை எல்லோரும் மறந்தார்கள்.

இப்போது நினைவுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. புங்குடுதீவுக்கும் நயினாதீவுக்கும் கோயில் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வரும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் செங்கடலிலோ தாய்லாந்திலோ ஸ்கூபா பழகிச் சான்றிதழோடு வருகிறார்கள். இறுப்பிட்டிக் கரையில் நின்று, “பெரியப்பா, இங்க எங்க டைவ் பண்ணலாம்?” என்று கேட்கிறார்கள். பெரியப்பாவிடம் பதில் இல்லை. கேள்வி விளையாட்டானது என்று தள்ளிவிட வேண்டாம். மீன் ஒதுங்கும் செயற்கைப் பார் ஒன்றை ஒழுங்காக அமைத்தால், அது மீனுக்கும் ஊருக்கும் சுற்றுலாவுக்கும் சேர்ந்து உதவக்கூடிய கடல் எங்களுடையது. ஆனால் அதை அமைக்கும் விதம் பேருந்து தள்ளிய விதமாக இருக்கக்கூடாது. அது யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசியாக வேண்டும்.

நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வளவுக்கு வளவு நிற்கும் மதில் முருகைக்கல். சாந்து இல்லாமல் அடுக்கிய கல். ஒல்லாந்தர் கோட்டை என்று காட்டப்படும் இடிபாட்டிலும் அதே கல்தான். கரையிலும் கடலிலும் கிடந்த முருகைக்கல்லை எடுத்து வீடு கட்டியதும் சுண்ணாம்பு சுட்டதும் இந்தத் தீவின் எல்லாக் கரைகளிலும் நடந்த கதை. தெற்கே ஹிக்கடுவைப் பக்கத்தில் அது பெருந்தொழிலாகவே நடந்தது. 1988 இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி முருகைக்கல் அகழ்வதைத் தடுத்தார்கள். 2004 சுனாமி வந்தபோது, கல் எடுத்துக் கரை வெறுமையாகிப் போன இடங்களில் தண்ணீர் இன்னும் உள்ளே வந்ததை ஆய்வாளர்கள் எழுதினார்கள். சுனாமி ரயிலைப் புரட்டிய பெரலிய அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இத்தனை காலமும் கடலிலிருந்து கல்லை எடுத்த நாங்கள் இப்போது கடலுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருப்பது நல்ல விசயம். கொடுத்த பொருள் தகரம் என்பதுதான் இடிக்கிறது.

பேருந்தின் உடல் மெல்லிய தகடு. உப்புத் தண்ணீரில் அது எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு வெளிநாட்டுப் பாடங்கள் இருக்கின்றன. நியூயோர்க் சுரங்க ரயிலின் பழைய பெட்டிகளை 2001 இலிருந்து டெலாவேர் மாநிலத்துக்கு வெளியே கடலில் இறக்கினார்கள். ‘ரெட்பேர்ட்’ என்று அழைக்கப்பட்ட அந்தக் கனத்த உருக்குப் பெட்டிகள் நன்றாகத் தாங்கின, மீனும் பிடித்தது. அந்த வெற்றியைப் பார்த்துப் பிறகு துருப்பிடிக்காத உருக்கினாலான புதிய வகைப் பெட்டிகளை நியூ ஜேர்சிக்கு வெளியே இறக்கினார்கள். அவை சில மாதங்களிலேயே நொறுங்கி விழுந்தன. துருப்பிடிக்கவில்லை, தகடு மெலிது, அலையின் அடியைத் தாங்கவில்லை. புளோரிடாவில் 1972 இல் நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. ஃபோர்ட் லாடர்டேலுக்கு வெளியே ஏறத்தாழ இருபது இலட்சம் பழைய ரயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். கட்டுகள் அறுந்தன. ரயர்கள் நீரோட்டத்தில் உருண்டு போய் உண்மையான முருகைக்கற்பாரில் மோதி அதை உடைத்தன. பல வருடங்கள் கழித்து இராணுவச் சுழியோடிகளை இறக்கி அவற்றை வெளியே எடுக்க வேண்டி வந்தது. கழிவை அகற்றும் செலவை மிச்சம் பிடிப்பதற்காகப் பார் அமைக்கப் புறப்பட்டால் முடிவு பெரும்பாலும் இப்படித்தான். பேருந்து நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், கழிவு எங்கேயாவது போகட்டும் என்ற நினைப்பிலா மீனுக்கு வீடு வேண்டும் என்ற நினைப்பிலா இறக்கினோம் என்று கேட்க வேண்டும்.

நெடுந்தீவுக் கடலில் இறக்கிய பேருந்துகளின் இன்றைய நிலையைக் கடற்றொழில் திணைக்களம் படம் பிடித்து ஊர்ச் சங்கங்களின் முன் போட்டுக் காட்ட வேண்டும். தள்ளிவிட்ட நாளின் ஒளிப்படங்கள் நிறைய உண்டு. அவற்றில் எல்லோரும் சிரித்த முகத்தோடு நிற்கிறார்கள். நாங்கள் கேட்பது பிந்திய நாளின் படம்.

மீன் வரும் என்பதில் சந்தேகம் இல்லை. மணலும் சாதாளை என்ற கடற்புல்லும் மட்டும் உள்ள தரையில் எதையாவது நிறுத்தி வைத்தால் நிழல் கிடைக்கும், ஒதுங்க இடம் கிடைக்கும். சிப்பியும் பாசியும் ஒட்டும், அதைத் தின்ன சிறுமீன் வரும், அதைத் தேடிக் களவாயும் பாரையும் வரும். குழையையும் கொப்பையும் கட்டி இறக்கி மீனை ஓரிடத்தில் சேர்க்கும் வழக்கம் எங்கள் கடலுக்குப் புதிதல்ல. மீன் உயிரியலாளர்கள் நாற்பது வருடமாக இதில் ஒரு கேள்வியை வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். செயற்கைப் பார் புதிதாக மீனை உண்டாக்குகிறதா, அல்லது சுற்றுக் கடலில் சிதறிக் கிடந்த மீனை ஓரிடத்துக்கு இழுத்துத் தருகிறதா? இரண்டாவதுதான் நடக்கிறது என்றால், மீன் சேர்ந்த இடத்தில் தூண்டிலும் வலையும் போட்டு அள்ளிவிடுவது இருக்கிற மீனை இன்னும் வேகமாக அழிக்கும் வழி. எனவே பார் அமைத்தால் பாரின் மேல் தொழில் செய்யக்கூடாது. இது கடற்றொழிலாளருக்கு இனிக்காத பேச்சு என்று தெரியும். அதற்குத்தான் பின்னால் வருகிறேன்.

இழுவைமடியைப் பேசாமல் எங்கள் கடலைப் பற்றிப் பேச முடியாது. பாக்குநீரிணையின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழத்துக்கு மேல் போகாது. அந்த ஆழமின்மைதான் அதன் செல்வம். வெளிச்சம் அடிவரை போகும், சாதாளை வளரும், இறாலும் நண்டும் ஒராவும் அதற்குள் குஞ்சு பொரித்து வளரும், கடற்பசு மேயும். அதே ஆழமின்மைதான் மடி இழுக்கும் றோலருக்கும் வசதி. இலங்கையில் 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் அடியை வழிக்கும் இழுவைமடியை முற்றாகத் தடை செய்தது. சட்டம் இருக்கிறது, அக்கரையிலிருந்து வரும் மடியும் இருக்கிறது, இக்கரையில் ஒளித்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள். 2021 இல் பேருந்துகளை இறக்கியபோது, மீன் பெருகுவது ஒரு காரணம், றோலரை மறிப்பது மற்றக் காரணம் என்று எங்கள் கரையில் பேசிக்கொள்ளாதவர் குறைவு. அரசு அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. மடி இழுக்கத் தடை செய்யப்பட்ட இடத்தில் மடி சிக்குவதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஆனால் எங்கே என்ன கிடக்கிறது என்று அறிவிக்காமல் இறக்கினால், றோலர்காரனின் மடி கிழிவதற்கு முன் எங்கள் பக்கத்து நண்டு வலைக்காரனின் வலை கிழியும். றோலர்காரன் நட்டத்தைத் தாங்குவான்.

இதைப் பகிரங்கமாகவும் அழகாகவும் செய்து காட்டியவர் ஒரு மீனவர். இத்தாலியில் தஸ்கனிக் கரையில் தலமோனே என்ற சிறு ஊர். அங்கே பவுலோ ஃபன்சியுல்லி என்பவர் கரையோரத்தில் சட்டத்தை மீறி இரவில் இழுவைமடி இழுப்பவர்களோடு பல வருடம் மல்லுக்கட்டினார். முறையிட்டார், மறியல் செய்தார், பகையைத் தேடிக்கொண்டார். முதலில் கொங்கிறீற் கட்டைகளை இறக்கினார்கள். அது போதவில்லை என்று கண்டு, கராரா மலையின் பளிங்குக்கல் அகழ்பவர்களிடம் கல் கேட்டார். அவர்கள் நூறு பாளம் கொடுத்தார்கள். சிற்பிகள் வந்து கூலியில்லாமல் செதுக்கினார்கள். பிரித்தானியச் சிற்பி எமிலி யங் செதுக்கிய பெரிய முகங்கள் அங்கே கடலடியில் கிடக்கின்றன. மடி அதில் சிக்கினால் கிழியும். மீன் வந்தது, சாதாளை திரும்பத் தழைத்தது, பார்ப்பதற்குச் சுழியோடிகளும் வந்தார்கள். ‘மீன்களின் வீடு’ என்று அதற்குப் பெயர். பொருள் கனமானது, கரையாதது. இடம் எல்லோருக்கும் தெரிந்தது. தொடங்கியவர் அந்தக் கடலிலேயே தொழில் செய்பவர். பேருந்துத் திட்டத்தில் இம்மூன்றும் இருக்கவில்லை.

எங்களிடம் கராரா இல்லை. ஆனால் கோபுரத்துக்குச் சுதை செய்யவும் தேருக்குச் சிற்பம் செதுக்கவும் வழிவழியாக வந்த ஆசாரிமார் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். கொங்கிறீற்றில் உருவம் வார்க்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. (உடனே ஒருவர் எழும்பி வைரவரை இறக்கலாம் என்பார், இன்னொருவர் வேறு தெய்வத்தைச் சொல்வார். தெய்வங்களைத் தரையிலேயே விடுவோம். தீவகத்துக் கடலில் எல்லை போடும் வேலையை நாங்கள் மீனுக்காகச் செய்கிறோம்.) உருவம் தேவையா என்பதும் பிறகு பார்க்கலாம். தமிழ்நாட்டில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பல வருடமாக இறக்கிவரும் கொங்கிறீற் தொகுதிகள் எளிமையானவை. முக்கோணக் கூடு, கிணற்று வளையம் போன்ற உரு, களவாய் ஒளிப்பதற்கென்றே துளையிட்ட பெட்டி. தூத்துக்குடிக்கு முன்னால் தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பதற்குத் துளையுள்ள கொங்கிறீற் தொகுதிகள் பத்தாயிரத்துக்கு மேல் இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, தீவு தப்பியது, மீனும் முருகையும் தொகுதிகளில் குடியேறின. புதுச்சேரிக்கு வெளியே ஒரு ஸ்கூபா நிறுவனத்தாரே கல்லும் கொங்கிறீற்றும் மரத்தண்டும் கொண்டு மணல் தரையில் ஒரு பார் கட்டி, அதையே சுற்றுலாச் சுழியோட்டத்துக்கான இடமாக்கியிருக்கிறார்கள். பதினெட்டு மீற்றர் அளவில் இருக்கும் ‘டெம்பிள் ரீஃப்’ அது. எங்களுக்கு அவ்வளவு ஆழம் கிடையாது.

ஆழம் குறைந்தது நல்லதுதான். ஸ்கூபா என்றால் ஆழம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. உலகெங்கிலுமிருந்து வந்து அதைப் பார்க்கிறார்கள். ஆனால் அது தேர்ந்தவர்களுக்கு மட்டும், அங்கே சில நிமிடங்கள்தான் நிற்கலாம். புதிதாகப் பழகியவருக்குச் சர்வதேச எல்லை பதினெட்டு மீற்றர். பழகாமல் பயிற்றுநரின் கையைப் பிடித்து இறங்குபவருக்குப் பன்னிரண்டு. பத்து மீற்றரில் உடலில் நைதரசன் சேர்வது மெதுவாக நடக்கும். முறையான அட்டவணைப்படி அங்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருந்தாலும் இடையில் நிற்காமல் நேரே மேலே வரலாம். அதற்கு வெகு முன்னரே சிலிண்டர் முடிந்துவிடும். பதற்றமில்லாமல் மூச்சு விடுபவருக்கு ஒரு சிலிண்டர் அந்த ஆழத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வரும். ஒரு களவாய் தன் பொந்திலிருந்து எட்டிப் பார்த்துத் திரும்ப ஒளிப்பதைக் காத்திருந்து பார்ப்பதற்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்.

ஆனால் ஆழமில்லாத கடல் ஆபத்தில்லாத கடல் என்று நினைத்துவிடக்கூடாது. கடல் மட்டத்தில் எங்களை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீற்றரில் அது இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. முப்பதிலிருந்து இருபதுக்கு வந்தால் நுரையீரலில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்குதான் பெருக்கும். பத்திலிருந்து மேலே வந்தால் இரட்டிக்கும். ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பதறி மேலே எழும்புபவருக்கு நுரையீரல் கிழியும் ஆபத்து இந்த மேல்பத்து மீற்றரில்தான் அதிகம். இரண்டு மீற்றரிலிருந்துகூட நடக்கலாம். காது அடைப்பும் இங்கேதான். நீந்தத் தெரிந்த தீவான் பயப்பட மாட்டான் என்பது உண்மை. மூச்சைப் பிடித்துச் சங்கு குளித்தவனின் பழக்கமே ஸ்கூபாவில் அவனுக்கு எதிரியாகும் என்பதும் உண்மை. சிலிண்டர் போட்டவன் ஒருபோதும் மூச்சைப் பிடிக்கக்கூடாது. இன்னொன்று, எங்கள் பத்திரிகைகள் விடாமல் எழுதுவதுபோல் முதுகில் இருப்பது ஒட்சிசன் சிலிண்டர் அல்ல. அழுத்தி அடைத்த சாதாரண காற்று. தூய ஒட்சிசனைச் சுவாசித்துக்கொண்டு பத்து மீற்றர் இறங்கினால் வலிப்பு வந்து ஆள் போகக்கூடும்.

வெளிச்சத்தைப் பற்றியும் பொய் சொல்லக்கூடாது. விளம்பரப் படத்தில் வரும் நீலக் கண்ணாடித் தண்ணீர் பாக்குநீரிணையில் எப்போதும் கிடைக்காது. வாடை வீசும் மாரியில் கலங்கல். சோழகம் அடிக்கும்போது கடல் கொந்தளித்து அடிமணல் கிளம்பும். இடையில், மாசி கழிந்து பங்குனி, சித்திரையில் காற்று விழுந்து கடல் தட்டையாகும். அந்தக் கிழமைகள்தான் எங்கள் பருவம். அப்போதும் பச்சை கலந்த தண்ணீர்தான், சிவப்பு நிறம் ஐந்தாறு மீற்றரிலேயே மங்கிப் போகும். மாலைதீவைப் பார்த்துவிட்டு வருபவருக்கு இது ஏமாற்றம் தரும். திருகோணமலையில் புறாத்தீவுக்குப் போகட்டும். ஆனால் அங்கே சனம் மிதித்து மிதித்து உயிர்முருகை என்ன பாடுபட்டது என்பதையும் பார்த்துவிட்டு வரட்டும். பழகுநர் விழுந்து எழும்பப் பழகுவதற்குக் கொங்கிறீற் பார்தான் ஏற்ற இடம். அதில் துடுப்புக் கால் பட்டாலும் ஒன்றும் உடையாது. உயிர்ப்பாரைக் காப்பாற்றுவதற்கும் இது ஒரு வழி.

இனி, யார் இறங்குவது? எங்கள் கடலுக்குச் சுழியோடிகள் புதியவர்கள் அல்லர். மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பு வெள்ளைக்காரர் காலம்வரை நடந்தது. 1906 இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு உத்தியோகத்தராக அனுப்பப்பட்டவர்களில் பின்னாளில் எழுத்தாளரான லெனார்ட் வூல்ஃபும் ஒருவர். முத்து போனது, சங்கு இருந்தது. சங்குக்கும் கடலட்டைக்கும் இன்றும் வடகடலில் இறங்குகிறார்கள். சிலிண்டர் வந்த பிறகு இந்தத் தொழிலின் முகம் மாறிவிட்டது. அட்டை கரையோரத்தில் குறையக் குறைய இன்னும் ஆழம், இன்னும் தூரம், ஒரே நாளில் அடுத்தடுத்துச் சிலிண்டர் மாற்றி இறங்குவது, இரவில் வெளிச்சம் போட்டு இறங்குவது. இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகி மூட்டிலும் முள்ளந்தண்டிலும் அடைத்து, நடந்து கடலுக்குப் போனவர் காலிழுத்து வீடு திரும்புவது இதனால்தான். அதற்கான அழுத்த அறைச் சிகிச்சைக்குத் திருகோணமலைக் கடற்படைத் தளம்வரை போக வேண்டும். குறிகட்டுவானிலிருந்து அந்தத் தூரத்தை எண்ணிப் பாருங்கள். 2018 இல் வடமராட்சி கிழக்கில் வெளிமாவட்டத்திலிருந்து வந்த அட்டைச் சுழியோடிகளுக்கு எதிராக எழுந்த போராட்டம் ஞாபகம் இருக்கும். தங்கள் கரையின் அடியில் என்ன இருக்கிறது, யார் அள்ளுகிறார்கள் என்று கரையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது என்பதுதான் அந்தக் கோபத்தின் அடி.

சுற்றுலாச் சுழியோட்டத்தை நான் ஆதரிப்பதற்கான பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது. டொலர் வரும் என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு இடத்தில் கிழமைக்குக் கிழமை ஆட்கள் இறங்கினால் அந்த இடத்துக்குக் கண் இருக்கிறது. பார் சரிந்தால் தெரியும், வலை சிக்கிக் கிடந்தால் வெட்டி எடுக்கலாம், களவாய்க் குஞ்சு எத்தனை என்று எண்ணலாம், இரவில் யாரோ அட்டை வழித்துக்கொண்டு போனால் காலையில் தெரியும். 1998 இல் கடல் சூடேறி இந்து சமுத்திரம் முழுக்க முருகை வெளுத்தபோது கற்பிட்டியில் என்ன நடந்தது, ஹிக்கடுவையில் என்ன நடந்தது என்று எழுதி வைக்க அங்கே இறங்குபவர்கள் இருந்தார்கள். தீவகத்துக் கடலில் அப்போது போர் நடந்தது. மீன்பிடிக்கே பாஸ் எடுத்த காலம் அது, சுழியோட யாருக்கு வாய்த்தது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் விஞ்ஞானத் துறையும் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையமும் இப்போது இருக்கின்றன. மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இறங்கிப் பழக ஒரு இடம் இல்லை.

அந்தப் பயிற்றுநர்கள் எங்கிருந்து வர வேண்டும்? உனவட்டுனவிலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ ஆளைக் கொண்டுவந்து இறக்குவது இலகு. முதல் ஒரு வருடத்துக்கு அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால் சங்கும் அட்டையும் குளித்துக் கடலின் அடியைக் கைரேகைபோல் அறிந்த எங்கள் பொடியன்களைக் கூலிக்குப் படகோட்டிகளாக நிறுத்திவிட்டு, வெளியூர்க்காரன் தலைமைச் சுழியோடியாக நிற்கும் திட்டம் வேண்டாம். அவர்களுக்குச் சர்வதேசச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்க ஆளுக்குச் செலவு பிடிக்கும். அந்தச் செலவைப் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களிடம் கேளுங்கள். வளைவும் மண்டபமும் கட்டிக் கொடுத்தவர்கள், எங்கள் பிள்ளை ஒன்று டைவ் மாஸ்டர் ஆவதற்குக் கொடுக்க மாட்டார்களா? கல்லில் பெயர் பொறிக்க முடியாத கொடை என்பதால் கொஞ்சம் தயக்கம் வரலாம்.

இன்னொரு கை நீளும். 2020 இல் கடற்படை காலியில் கடலடி அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. சிற்பங்களைக் கடற்படையினரே கொங்கிறீற்றில் செய்து ஐம்பது அடி ஆழத்தில் இறக்கினார்கள். வேலை நேர்த்தியானதுதான். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் நிற்கும் கடற்கோட்டையும் இன்று கடற்படை நடத்தும் விடுதி. வடக்கில் எங்காவது ஒரு அழகான இடம் இருந்தால் அதன் வாசலில் சீருடை நிற்பது வழக்கமாகிவிட்டது. கடலடியில் ஒரு பார் வந்து, அதற்கும் பாதுகாப்பு வலயம் வந்து, வள்ளக்காரன் அடையாள அட்டை காட்டிப் போகவேண்டிய நிலை வந்தால், அந்தப் பாரே வேண்டாம் என்று ஊர் சொல்லும். அது நியாயம். கடலட்டைப் பண்ணைகள் வந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. கரையில் கம்பி அடித்து வலை கட்டி, இது இன்னாருடைய இடம் என்று வந்த பிறகு, அதே இடத்தில் காலங்காலமாய் இறால் பிடித்தவன் எங்கே போவான்? பண்ணையில் இலாபம் கண்டவர்களும் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டுச் செய்வதற்கும் செய்துவிட்டுக் கேட்பதற்கும் உள்ள தூரத்தை அந்தச் சச்சரவு காட்டியது.

ஆகவே பாரின் உரிமை கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்க வேண்டும். இறங்க வருபவர் சங்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். படகு சங்க உறுப்பினருடையதாக இருக்க வேண்டும். திணைக்களம் அனுமதி கொடுக்கும், நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவினர் இடம் பார்த்துச் சொல்வார்கள், வேலணைப் பிரதேச செயலகம் கடிதம் எழுதும். அவர்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். இடம் பார்ப்பதில் ஒன்றைக் கறாராகப் பிடிக்க வேண்டும். சாதாளை உள்ள தரையில் ஒரு கல்கூட இறக்கக்கூடாது. எங்கள் கடலில் மீன்குஞ்சுகளின் உண்மையான தொட்டில் சாதாளைதான். பாக்குநீரிணையின் மறுகரையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு 2022 இல் அறிவித்தது அந்தப் புல்வெளிக்காகத்தான். வெறும் மணல் தரையைத் தேடி, ஏழு எட்டு மீற்றரில், கப்பல் பாதைக்கும் நயினாதீவு, நெடுந்தீவுப் படகுப் பாதைக்கும் விலகி, சிறிதாகத் தொடங்கலாம். இருபது முப்பது தொகுதிகள் போதும். மிதவை கட்டி, ஆள்கூறுகளை இரு கரைக்கும் அறிவித்துவிட வேண்டும். நங்கூரம் பாரில் போடக்கூடாது, மிதவையில்தான் படகு கட்ட வேண்டும்.

முதலில் சொன்ன இனிக்காத பேச்சுக்கு இனி வருகிறேன். பாரைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் மூன்று நான்கு வருடம் வலையும் கூடும் தூண்டிலும் கூடாது. களவாய் மெதுவாக வளரும் மீன். அது முதலில் பெண்ணாக வளர்ந்து, பெருத்த பிறகுதான் ஆணாக மாறும் சாதி. பெரியதையெல்லாம் பிடித்துவிட்டால் பருவத்துக்கு ஆண் இருக்காது. விட்டுவைத்தால் வட்டத்துக்கு வெளியே பெருகி வழியும், அதை எல்லோரும் பிடிக்கலாம். இது கணக்கில் சரி. ஆனால் அந்த வட்டம் விழும் இடத்தில் இன்று களங்கண்டி வலை போட்டிருப்பவர் ஒருவர் இருப்பார். அவருடைய மூன்று வருடப் பாட்டுக்கு யார் பொறுப்பு? சுழியோட்டக் கட்டணத்தில் முதல் பங்கு அவருக்குப் போக வேண்டும், படகு வாடகைக்கும் அவருடைய படகு முதலில் ஓட வேண்டும் என்று சங்கம் எழுத்தில் தீர்மானம் எடுக்காமல் ஒரு கல்லும் இறக்கக்கூடாது. கட்டணம் முதல் வருடம் அதிகம் வராது, பருவம் குறுகியது. ஆகவே அவருடைய முதல் வருட நட்டத்துக்கு வேறு பணம் தேட வேண்டும். இது அமைச்சில் தீரும் விசயம் அல்ல, சங்கக் கூட்டத்தில் சத்தம் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். மாரி தொடங்குவதற்கு முன் கூட்டத்தைக் கூட்டினால், அச்சு வார்க்கவும் கொங்கிறீற் இறுகவும் காலம் கிடைக்கும். பங்குனியில் காற்று விழும்போது முதல் தொகுதியை இறக்கலாம்.